எல்லோருக்கும் ஒரே வயதா?

மூன்றாம் ஆண்டு பி.காம்.மில் எங்களுக்குக் காப்பீடும் ஒரு பாடம். சில வாரங்களுக்கு முன் வகுப்பில் இறப்பு விகித அட்டவணை நடத்தினார்கள். ஒரு லட்சம் பேர் பிறந்ததாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போவது. பார்ப்பதற்குக் கடை ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரியே இருக்கும். ஆரம்ப இருப்பு, கழிவு, இறுதி இருப்பு. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம்.

எனக்கு மட்டும் பெரியப்பா ஞாபகம் வந்தது. ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பியூனாக இருந்தவர். 58 வயதில் ரிட்டயர் ஆனார். பென்ஷன் வாங்கியது மொத்தம் பதினோரு மாதம். அவருக்கு எத்தனையோ வருஷம் முன்பே ஓய்வு பெற்ற அவருடைய அதிகாரி, எண்பதை நெருங்கியவர், பஸ் ஏறி துக்கத்துக்கு வந்திருந்தார். "என்னை விடச் சின்னவன்..." என்று சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். வந்தவர்கள் எல்லோரும் சொன்ன சமாதானம் ஒன்றுதான்: விதி.

ஒருவருடைய சாவை வைத்துப் பொது விதி எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த அட்டவணையில் வயதுக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, உத்தியோகத்துக்கு ஏன் ஒரு கட்டம் இல்லை? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எல்லா வழியும் ஒரே நாட்டில் போய் முடிந்தது. இங்கிலாந்து. காரணம் எளிது. யார், எந்த வயதில், என்ன தொழில் செய்து, எதனால் செத்தார் என்று நூற்றெண்பது வருஷத்துக்கும் மேலாக எழுதி வைத்திருக்கிற நாடு அது. ஆகவே இந்தக் கட்டுரை அந்த ஊர்க் கதை.

எண்ணத் தொடங்கியவர்கள்

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவு செய்ய ஆரம்பித்தது. அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஆராயும் வேலைக்கு வந்தவர் வில்லியம் ஃபார் என்ற மருத்துவர். அவர் தந்த முதல் புள்ளிவிவரத்திலேயே ஒரு சண்டை வந்தது. 63 பேர் பட்டினியால் இறந்ததாக அவர் கணக்குக் காட்டியிருந்தார். ஏழைகளுக்கான நிவாரணத்தைப் பார்த்துக்கொண்ட ஆணையத்தின் செயலாளர் எட்வின் சாட்விக் அதை ஏற்க மறுத்தார். பட்டினி என்று ஒத்துக்கொண்டால் ஏழைச் சட்டமே தோற்றுவிட்டது என்று ஆகிவிடுமே! இறப்புக் காரணம் என்ற ஒரு சின்னக் கட்டத்துக்குள் எவ்வளவு அரசியல் இருக்கிறது பாருங்கள்.

நிற்க. அதே சாட்விக் 1842-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றியது. ஆணையத்தின் உறுப்பினர்கள் கையெழுத்துப் போடத் தயங்கியதால் அவர் பெயரிலேயே வெளிவந்தது. அதில் ஒவ்வோர் ஊரிலும் மூன்று வகுப்பினரின் சராசரி இறப்பு வயதைக் கொடுத்திருந்தார். முதலாவது கனவான்களும் வக்கீல், மருத்துவர் போன்றவர்களும். இரண்டாவது வியாபாரிகள். மூன்றாவது தொழிலாளர்கள்.

லிவர்பூல்: 35, 22, 15.
மான்செஸ்டர்: 38, 20, 17.
ரட்லாண்ட் (கிராமப்புற மாவட்டம்): 52, 41, 38.

தொழிலாளி 15 வயதில் செத்தான் என்று இதைப் படிக்கக் கூடாது. தொழிலாளி வீட்டுக் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்ததால் சராசரி அப்படி விழுந்தது. மான்செஸ்டரில் தொழிலாளர் குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேல் ஐந்து வயதுக்குள் இறந்ததாகவும், மேல்தட்டில் அது 20 சதவீதம்தான் என்றும் ஃப்ரெடெரிக் எங்கெல்ஸ் 1845-ல் எழுதினார். சராசரி என்ற ஒற்றை எண்ணை நம்பி ஏமாறாதே என்று எங்கள் புள்ளியியல் ஆசிரியர் அடிக்கடி சொல்வது இதைத்தான்.

ஆனாலும் அந்த எண்களில் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. கிராமத்துக் கூலித் தொழிலாளியும் மான்செஸ்டர் கனவானும் ஒரே எண்ணில் நிற்கிறார்கள்: 38. அப்படியானால் ஊரும் ஆளைக் கொல்கிறது, வகுப்பும் ஆளைக் கொல்கிறது. சாட்விக் ஊரை மட்டும் பிடித்துக்கொண்டார். சாக்கடையும் குடிநீரும்தான் தீர்வு என்றார். 1848-ல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. பின்னால் வந்த சாக்கடையும் குடிநீரும் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றின, அதில் சந்தேகமில்லை. கூலி பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

எழுபது வயதில் ஐந்து ஷில்லிங்

அடுத்த கட்டம் முதுமை. விக்டோரியா காலத்து ஏழைக்குச் சாவை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வேலை செய்யத் தெம்பில்லாத வயதில் 'வொர்க்ஹவுஸ்' என்ற ஏழை விடுதியில் போய் விழ வேண்டுமே என்ற பயம். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த இடம் அது.

1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி 1 முதல் தபால் நிலையத்தில் வாரம் 5 ஷில்லிங். சந்தா எதுவும் கட்ட வேண்டாம். ஆண்டு வருமானம் 21 பவுண்டுக்குள் இருந்தால் முழுத் தொகை, அதற்கு மேல் படிப்படியாகக் குறையும். நல்ல சட்டம்தான். ஆனால் வயது? 70. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் கொண்டுவந்த திட்டத்திலும் அதே 70-தான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிறக்கும் ஓர் ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 50-ஐக்கூடத் தொடவில்லை. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள் அதைவிட அதிகம் வாழ்ந்தார்கள், சரி. ஆனால் சுரங்கத்திலும் ஆலையிலும் பன்னிரண்டு வயதில் இறங்கியவன் எழுபதைப் பார்ப்பது எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? ஏழைகளுக்காகவே போட்ட திட்டம். அதை வாங்கவோ நீண்ட ஆயுள் வேண்டும். ஏழையிடம் இல்லாததே அதுதானே!

இலவச மருத்துவம் வந்த பிறகு

1948 ஜூலை 5. தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய நாள். வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே டாக்டர். இனி இந்த இடைவெளி தானாகவே மறையும் என்று பலர் நம்பினார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

முப்பது வருஷம் கழித்து, 1977-ல், தொழிற்கட்சி அரசு இதைச் சரிபார்க்க ஒரு குழு போட்டது. தலைவர் சர் டக்ளஸ் பிளாக் என்ற மருத்துவர். குழு வேலையை முடிப்பதற்குள் ஆட்சி மாறி மார்கரெட் தாட்சர் வந்துவிட்டார். அறிக்கை சொன்னது இது: திறன் தேவைப்படாத உடலுழைப்பு வேலை செய்பவர்கள் ஓய்வு வயதுக்கு முன்பே இறந்துபோகும் வாய்ப்பு, உயர் தொழில் செய்பவர்களைப் போல இரண்டரை மடங்கு. இலவச மருத்துவம் வந்தபின் எல்லோருடைய ஆயுளும் கூடியிருந்தது. இடைவெளி மட்டும் குறையவில்லை, சிலவற்றில் கூடவும் செய்திருந்தது. வருமானம், வீடு, வேலை, குழந்தை வளர்ப்பு இவற்றில்தான் முக்கியக் காரணம் இருக்கிறது என்றார்கள்.

அரசு என்ன செய்தது தெரியுமா? 1980 ஆகஸ்டில், விடுமுறை நாளாகப் பார்த்து, தட்டச்சுப் பிரதியாக 260 படிகள் மட்டும் வெளியிட்டது. ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகலாம், நடக்கிற காரியமில்லை என்று அமைச்சர் முன்னுரையிலேயே கைகழுவிவிட்டார். அமுக்கப் பார்த்த காரணத்தாலேயே அறிக்கை உலகப் புகழ் பெற்றது. 1982-ல் பெங்குவின் பதிப்பகம் அதைப் புத்தகமாகவே போட்டது :-)

ஒரே கட்டடம், நான்கு படிகள்

இது ஏழ்மைப் பிரச்சினை, ஏழ்மையை ஒழித்தால் தீர்ந்தது என்று இதுவரை படித்த யாருக்கும் தோன்றும். அந்த எண்ணத்தைக் கலைத்தது வேறோர் ஆய்வு. நான் நூலகத்தில் நின்றுகொண்டே படித்து முடித்ததும் அதைத்தான்.

லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவின் பெயர் ஒயிட்ஹால். 1967-ல் தொடங்கி அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பரிசோதித்து, பிறகு வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், பென்ஷன், இலவச மருத்துவம். ஊழியர்களை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். உச்சியில் நிர்வாக அதிகாரிகள். அடுத்து துறை வல்லுநர்களும் செயல் அலுவலர்களும். அடுத்து குமாஸ்தாக்கள். கடைசியில் கடிதம் கொண்டு போகிறவர்கள், வாசல் காப்பவர்கள்.

பத்து வருஷக் கணக்கில், கடைசி நிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு.

இதை விட முக்கியமானது நடுவில் இருந்தவர்களின் கதை. இரண்டாம் படியில் நல்ல சம்பளத்தோடு இருந்தவர்கள் கூட முதல் படிக்காரர்களை விட அதிகமாக இறந்தார்கள். மூன்றாம் படி அதை விட அதிகம். அதாவது ஒரு பக்கம் ஏழை, இன்னொரு பக்கம் மற்ற எல்லோரும் என்று ஒரு கோடு இல்லை. ஏணி மாதிரி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. இதை எழுதியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் மார்மட். பிற்காலத்தில் இதற்காகவே உலகம் அறிந்த பெயர்.

சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கீழ் நிலையில் இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள், உண்மை. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மிஞ்சி நின்றது. புகைக்காதவர்களிடமும் அதே ஏணி இருந்தது.

1985-ல் இரண்டாவது ஆய்வு. இந்த முறை பெண்களும் உண்டு, மொத்தம் 10,308 பேர். வேலையைப் பற்றியும் கேட்டார்கள். உங்கள் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தீர்மானிப்பது யார்? கீழே போகப் போக, தன் நாளின் மேல் தனக்கே அதிகாரம் இல்லாதவர்கள் அதிகம். அவர்களுக்கு இதய நோயும் அதிகம். மேலதிகாரிக்கு வேலைச்சுமை, டென்ஷன், அதனால் மாரடைப்பு என்று சினிமாவில் காட்டுவார்களே... கணக்கு நேர் எதிராக இருந்தது. மணி அடித்தால் ஓட வேண்டியவனுக்குத்தான் நெஞ்சு வலி.

ஆட்சேபணைகளும் உண்டு, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். நோயாளியாக இருப்பவன் பதவி உயர்வில் பின்தங்குவான், அதனால் வந்த வித்தியாசம் என்று சிலர் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இன்னும் சிலர் சிறு வயதைக் காட்டினார்கள். ஒயிட்ஹாலில் கீழ் நிலை ஊழியர்கள் சராசரியாக உயரமும் குறைந்தவர்கள். உயரம் என்பது சிறு வயதில் சாப்பிட்ட சாப்பாட்டின் ரசீது இல்லையா? ஆகவே இந்தக் கடன் வேலையில் சேர்ந்த அன்று தொடங்கியதல்ல, தொட்டிலிலேயே தொடங்கியது.

சந்தோஷமாக இருந்தால் ஆயுள் கூடுமா?

சிரித்து வாழ்ந்தால் நூறு வயசு வாழலாம் என்று வீட்டில் சொல்வார்கள். இங்கிலாந்தில் 2002-ல் தொடங்கிய முதுமை ஆய்வு ஒன்று, ஐம்பது வயதைத் தாண்டிய ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து சந்தித்து வருகிறது. எவ்வளவு வேகமாக நடக்கிறீர்கள், எவ்வளவு நினைவிருக்கிறது, வாழ்க்கை பிடித்திருக்கிறதா என்று எல்லாம் கேட்கிறார்கள். சொத்து குறைந்தவர்கள் மெதுவாக நடக்கிறார்கள். மனச்சோர்வும் அவர்களிடம் அதிகம். அதே வயதுதான், ஆனால் அவர்களுக்கு முதுமை முன்னாலேயே வந்துவிடுகிறது. வாழ்க்கையை ரசிப்பதாகச் சொன்னவர்கள் அதிக நாள் வாழ்ந்ததும் அந்த ஆய்வில் தெரிந்தது.

அப்படியானால் சந்தோஷம்தான் மருந்தா? 2015-ல் லான்செட் இதழில், பிரிட்டனின் ஏழு லட்சம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. முன்பே இருந்த நோயையும் மற்ற காரணங்களையும் கழித்துப் பார்த்தால், மகிழ்ச்சி தனியாக ஆயுளைக் கூட்டவில்லை என்றது அது. நோய் வந்ததால் சந்தோஷம் போகிறது, நோயால் ஆயுளும் போகிறது. ஆக, ஏழைகளைப் பார்த்து 'கவலைப்படாமல் சிரித்த முகமாக இருங்கள்' என்று உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. சந்தோஷமும் ஆயுளும் ஒரே வேரில் இருந்து வருகிற இரண்டு கிளைகள். வேரைக் கவனிக்காமல் கிளைக்குத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

கணக்கு முடியும் இடம்

2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஒன்று அறிக்கை தந்தது. தலைவர் அதே மார்மட், உறுப்பினர்களில் அமர்த்தியா சென்னும் உண்டு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் கால்டன் பகுதியில் பிறக்கும் ஆணின் சராசரி ஆயுள் 54, சில மைல் தள்ளியுள்ள லென்சியில் 82 என்றது அது. அதே பட்டியலில் இந்திய ஆணுக்கு 62! பணக்கார நாட்டில் பிறந்துவிட்டால் போதும் என்பதற்கும் இனி உத்தரவாதம் இல்லை.

இங்கிலாந்தில் 2018-20 காலத்துக்கான அரசுப் புள்ளிவிவரப்படி, மிகவும் பின்தங்கிய பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் ஆணின் ஆயுள் சுமார் 73½, மிக வசதியான பகுதிகளில் சுமார் 83. நோயில்லாமல் வாழும் ஆயுளோ முறையே சுமார் 52, 70. இந்த எண்களுக்குப் பக்கத்தில் ஓய்வூதிய வயதை வையுங்கள். 2020-ல் அது இருபாலருக்கும் 66 ஆனது. 2026-க்கும் 2028-க்கும் இடையே 67 ஆக உயர்த்துவதாகச் சட்டம். மனிதர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், எனவே அதிக நாள் உழைக்கட்டும் என்பது வாதம். யார் அதிக நாள் வாழ்கிறார்கள்?

காமர்ஸ் மாணவனாக ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். 66 வயதில் பென்ஷன் தொடங்கினால் பின்தங்கிய பகுதிக்காரருக்கு ஏழரை வருஷம், வசதியானவருக்குப் பதினேழு வருஷம். (66-ஐத் தொட்டவர்கள் சராசரியைத் தாண்டி வாழ்வார்கள், அதனால் இந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கும். மறையாது.) முதலாமவர் பென்ஷனுக்கு முன்பே பல வருஷம் உடம்பு முடியாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். சந்தா கட்டும் விதி ஒன்று, வயதும் ஒன்று, அனுபவிப்பது மட்டும் வேறு வேறு. சீக்கிரம் செத்தவனின் பங்கு நீண்ட நாள் வாழ்பவனின் கணக்கில் வரவாகிறது. எந்தச் சட்டத்திலும் எழுதாத மானியம் இது, கீழே இருந்து மேலே போகிற மானியம்.

இதை யாரும் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள். 2007 வாக்கில் பிரிட்டன் காப்பீட்டு நிறுவனங்கள் ஆயுள்கால ஓய்வுத்தொகை விற்கும்போது வாடிக்கையாளரின் அஞ்சல் குறியீட்டையும் பார்க்க ஆரம்பித்தன. பின்தங்கிய பகுதியின் குறியீடா? சீக்கிரம் இறந்துவிடுவார், எனவே மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். 1980-ல் அரசு 260 படிகளுக்கு மேல் அச்சடிக்க விரும்பாத உண்மையைச் சந்தை தன் விலைப்பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டது. என் கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. உத்தியோகத்துக்கு ஒரு கட்டம் எப்போதும் இருந்திருக்கிறது. அதைத் திறந்து காட்டுவது யார், எதற்காக என்பதில்தான் வித்தியாசம்.

செய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. 2015-ல் பிரான்ஸ், கடினமான வேலை செய்பவர்களுக்குப் புள்ளிகள் சேர்த்து, சற்று முன்னதாகவே ஓய்வு பெற வழி செய்தது. அதில் குறைகள் உண்டு, பிறகு சில பிரிவுகளை வெட்டியும் விட்டார்கள். ஆனால் எல்லோருடைய அறுபதும் ஒரே அறுபது இல்லை என்று ஒரு சட்டம் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

அட்டவணை பரீட்சைக்கு வரும் என்றார் ஆசிரியர். வந்தால் எழுதிவிடுவேன். அந்த ஒரு லட்சம் பேரில் 58-க்கும் 59-க்கும் நடுவில் கழிகிறவர்களில் ஒருவர் சைக்கிளில் டிபன் கேரியர் மாட்டிக்கொண்டு முப்பது வருஷம் போய் வந்தவர் என்பதை விடைத்தாளில் எழுத இடம் இருக்காது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.